பத்து மணிக்கு மேல் கூத்து

2018, வைகாசி மாதம், எங்கள் தர்மராஜர் கோயிலில் பதினெட்டு நாள் நடக்கிற பாரத விழாவில் துகில் உரியும் கூத்து ராத்திரி. துச்சாதனன் திரௌபதியின் முந்தானையில் கைவைத்து ஒரு சுற்று இழுத்தாயிற்று, முகவீணைக்காரர் ஊதி ஊதி அழுகையைப் பிழிந்துகொண்டிருக்கிறார், முன்வரிசைப் பாட்டிகள் கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் நீலமும் சிவப்புமாக விளக்கு சுற்றியது. மணி பதினொன்றே கால். யாரோ நூறுக்கு அடித்துவிட்டார்கள்.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஜீப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்புறம் துச்சாதனன் பக்கம் திரும்பி, "யோவ், சேலைய விடுய்யா, இழுக்கறதுக்குப் பர்மிஷன் வாங்கலையாம்" என்றார். கூட்டம் ஓவென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஆம்ப்ளிபையர் என்னுடையது, அதைத்தான் முதலில் தூக்குவார்கள்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். மைக்கை அணைக்கச் சொன்னார், கலைந்து போகச் சொன்னார். பாட்டிகள் அசையவில்லை. பாதி இழுத்த சேலையோடு அம்மனை நிற்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியுமா? கிருஷ்ணன் வந்து சேலை கொடுத்தால்தான் எழுவோம் என்றார்கள். கடைசியில் ஐந்து நிமிஷம் என்று அவரே விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணன் வேஷக்காரர் மைக் இல்லாமல், திரை இல்லாமல் ஓடிவந்து நான்கு அடி பாடிச் சேலையைப் போட்டார், கற்பூரம் எரிந்தது, எல்லோரும் எழுந்து போனார்கள். அந்த நான்கு அடி கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது என்பதை மைக்செட்காரனான நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். கவனிக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது.

எங்கள் ஊர் சித்தூர். வேலூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 1911 வரைக்கும் வடஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே இதுதான். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது நாங்கள் ஆந்திரா பக்கம், 1960-ல் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. இப்போது எங்கள் பேட்டையில் வீட்டுக்குள்ளே தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. நான் படித்தது தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்தை எங்கள் நைனாவிடம் கற்றுக்கொண்டேன், அதுவும் அவர் மைக்செட் கடையில் கல்யாண நோட்டீஸ் பார்த்து. தர்மராஜர் கோயில் பாரதம் பதினெட்டு நாளும் மைக்செட் நைனாவுடையதுதான். காசு வாங்கமாட்டார். அவர் போன பிறகு நானும் வாங்குவதில்லை, அதனால்தானோ என்னவோ கமிட்டியில் எல்லா வேலையும் என் தலையில் விழுந்தது.

பேட்டை மாறியதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2012-ல் ஊர் கார்ப்பரேஷன் ஆனது, அதற்கு முன்பிருந்தே மனை விலை ஏறத் தொடங்கியிருந்தது. கோயிலுக்கு எதிரே கூத்துக் களரிக்கென்று விட்டிருந்த இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் ஓட்டு வீடுகள் இருந்தன. நெசவுக்காரர்கள், வண்டியோட்டிகள், மண்டி ஆட்கள். அந்த ஓட்டு வீடுகளில் பாதி இப்போது இல்லை. கிழக்கே ஐந்து மாடி அப்பார்ட்மென்ட், தெற்கே ஒரு கோச்சிங் சென்டரின் ஹாஸ்டல், முனையில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை. இரண்டாம் ஆட்டம் ஓட்டிக்கொண்டிருந்த தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. இரண்டாம் ஆட்டம் போனதும் ராத்திரி டிபன் வண்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு அக்கா மட்டும் விடாமல் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவின் ராத்திரி வாழ்க்கை என்பது ரொம்ப நாள் அந்த ஒரு தோசைக்கல்தான்.

இதையெல்லாம் 2018-ல் நான் யோசிக்கவில்லை. நூறுக்கு அடித்தவன் யார் என்றுதான் தேடினேன். எதிர் அப்பார்ட்மென்டில் மூன்றாவது மாடி, கடப்பா பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். பையன்கள் சிலர் போய்க் கேட்கலாம் என்று கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. கதவைத் திறந்த மனிதர் பயந்துபோய்த் தன் பெண்ணைக் காட்டினார். மேஜை முழுக்கப் புத்தகம். மறுநாளுக்கு அடுத்த நாள் நுழைவுத் தேர்வு. "ரெண்டு வருஷமா படிக்கிறாள், மூணு ராத்திரியா தூங்கல" என்றார் தெலுங்கில். என்ன பதில் சொல்வது? "இது நூறு வருஷத்துப் பாரதம் சார்" என்று ஒருவன் சொன்னான். "தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதானே" என்று அவர் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம்தான்.

அதன் பிறகு நான் செய்த உருப்படியான காரியம், சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தது. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், எம்.எல்.ஏ. லெட்டர் இருந்தால் போதும், கோயில் விசேஷத்துக்கு விலக்கு உண்டு, இப்படி. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் நாடு முழுக்க ஒன்றுதான். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு இதைப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பாரதமோ பதினெட்டு நாள்! ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி என்று அறிவிக்கலாம், அங்கே இன்னும் கெடுபிடி. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45. 45 என்றால் என்ன தெரியுமா, பக்கத்து அறையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது போல. மிருதங்கத்தை முறைத்துப் பார்த்தாலே 45 தாண்டிவிடும்.

சரி, மைக்கே வேண்டாம், வெறும் தொண்டையிலும் தோலிலும் கூத்து நடத்தினால் யார் கேட்பது என்று அடுத்த யோசனை. அந்தக் காலத்தில் அப்படித்தானே ஆடினார்கள். இதைச் சொன்னதும் எஸ்.ஐ. சிரித்துவிட்டார். 2010-ல் விதியைத் திருத்தி, ஒலிபெருக்கியோடு வாத்தியங்களையும் சேர்த்துவிட்டார்களாம். பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் மேளமும் கூடாது. ஆனால் மூடிய கட்டிடத்துக்குள், அரங்கம், சமுதாயக் கூடம், மண்டபம் மாதிரி இடத்துக்குள் சத்தம் வெளியே அளவு மீறிப் போகாதபடி நடத்தலாம். இந்தக் கடைசி வரியை அவர்தான் எனக்குக் காட்டினார். எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ராத்திரியில் ஏதாவது நடத்த வேண்டுமென்றால் முதலில் விதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள், விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், கும்பலாக இல்லாமல் இரண்டு பேராக. ஜீப் வந்த பிறகு பேசுகிற பேச்சு வேறு, முன்னாலேயே போய் உட்கார்ந்து பேசுகிற பேச்சு வேறு.

ஆனால் பத்து மணிக்குக் கூத்தை முடிப்பதா? கமிட்டியில் பெரியவர்கள் கொதித்தார்கள். விடிய விடிய ஆடினால்தான் கூத்து, இல்லாவிட்டால் அது டிராமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிற ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியாரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு ஒன்று சொன்னார். "அப்பல்லாம் பத்து ஊர் ஜனம் நடந்து வரும்பா. ராத்திரி இருட்டுல காட்டு வழியா எப்படித் திரும்பிப் போகும்? விடியற வரைக்கும் அவங்கள உக்கார வெச்சாகணும், அதான் இழுத்து இழுத்துப் பாடறது. இப்ப எல்லார் கிட்டயும் வண்டி கீது. பதினோரு மணிக்கு ஒருத்தன் எழுந்தா பின்னாடியே முப்பது பேரு எழுந்து போறான். விடிகாலை மூணு மணிக்கு நான் யாருக்கு ஆடறன்னு நினைக்கற? ஒரு நாயி, மூணு கிழவி, அப்புறம் உன் ஆம்ப்ளிபையரு."

வாத்தியார் வாயிலிருந்தே இது வந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி பிறகு இறங்கியது.

2019-ல் நாங்கள் செய்தது இதுதான். பதினெட்டு நாளில் பகல் பிரசங்கம் அப்படியே இருக்கட்டும். கூத்து ராத்திரிகளைப் பத்தாகக் குறைத்தோம், ஒவ்வொன்றும் ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியும். கடைசி ராத்திரி, பதினெட்டாம் போர், அதை மட்டும் விடிய விடிய ஆடுவது, அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு தேர்வு அட்டவணையையும் மேஜையில் வைத்துக்கொண்டோம். பெரிய நுழைவுத் தேர்வுகள் முடிந்த மறுநாள் காப்புக் கட்டு. பூசாரிக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் முகூர்த்தம் இருந்தது, ஒப்புக்கொண்டார். தேதி முடிவானதும் அந்த மூன்றாவது மாடி மனிதரிடம் நானே நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, அப்பார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் விருந்தாளி வண்டி நிறுத்துகிற இடத்தைப் பத்து ராத்திரியும் திறந்துவிடச் சங்கத்தில் பேசுவதாகச் சொன்னார். பேசினார், திறந்தார்கள். அவர் இன்று வரை கூத்துப் பார்க்க வந்ததில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இது என் தொழில். நைனா காலத்திலிருந்து நாங்கள் வேப்பமரத்தில் நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம், நான்கு திசைக்கும். அந்தக் குழாய் கூட்டத்துக்காகக் கட்டுவதே இல்லை, "இங்கே விசேஷம்" என்று மூன்று மைலுக்குச் சொல்வதற்கு. வாட்ஸப்பில் நோட்டீஸ் போகிற காலத்தில் அது எதற்கு? களரியில் நடப்பது கேட்க வேண்டியது எதிரே உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேருக்கு. திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க வேண்டுமென்று மேடையோரம் ஒரு பெரிய பெட்டியை வைத்து ஏற்றினால், அது அவனோடு நிற்காது, ஐந்தாவது மாடிக்கும் போகும். அதே ஆளுக்கு ஐந்து மீட்டரில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் 12 டெசிபல் குறைத்து வைக்கலாம், அவனுக்கு அதே சத்தம்தான் கேட்கும். அதனால் குழாயை எல்லாம் இறக்கிவிட்டு, ஆறு சின்னப் பெட்டிகளை ஜனங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு, கீழ்நோக்கிச் சாய்த்து, முதுகு அப்பார்ட்மென்டுக்கு இருக்கிற மாதிரி வைத்தோம். மிருதங்கத்துக்கு மைக் தேவையே இல்லை, எடுத்துவிட்டோம். ஆர்மோனியத்துக்கும் இல்லை. பாட்டுக்கும் வசனத்துக்கும் இரண்டே மைக். கூத்தாடிகளுக்கு முதல் நாள் கோபம், மேலே தொங்குகிற மைக் தங்கள் குரலைத் தின்கிறது என்று. இரண்டாம் நாள் பின்பாட்டுக்காரர் சொன்னார், ரொம்ப வருஷம் கழித்து முகவீணையின் குரல் தன் காதில் விழுகிறது என்று. போனில் டெசிபல் காட்டுகிற ஆப்பை நம்பி ஸ்டேஷனில் வாதாட முடியாது, ஆனால் நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

காசு விஷயத்தில் நான் ஒரு அசிங்கம் செய்தேன். எட்டு மணி நேரக் கூத்து மூன்று மணி நேரமானதால் கூலியையும் குறைக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டேன். ராத்திரிக்கு இருபத்திரண்டாயிரம், பதினான்கு பேர். அவர் கோபப்படவில்லை. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கே கோயில் பின்னால் இருக்கிற கொட்டகைக்கு வரச்சொன்னார். போனேன். அரிதாரம் பூசி, கண்ணுக்கு மை தீட்டி, புஜக்கட்டையும் மார்பதக்கமும் கிரீடமும் ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, துரியோதனன் எழுந்து நிற்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த ஆள் பகலில் கொத்து வேலை செய்கிறவர், இங்கே வந்தால் அன்றைய கூலி போச்சு. எட்டு மணி நேரம் ஆடினாலும் ஒரு மணி நேரம் ஆடினாலும் அவருக்குப் போகிற நாள் ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் கூலி பற்றிப் பேசவில்லை, அடுத்த தடவை இரண்டாயிரம் ஏற்றித்தான் பேசினோம். கலைஞரிடம் நேரக் கணக்கு போடாதீர்கள்.

மொய் வேறு ஒரு தலைவலி. நூற்றியொன்று கொடுத்தவர் பெயரை, அவர் அப்பா பெயரை, தெருவை எல்லாம் கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சொல்வார், மேளம் ஒரு தட்டு தட்டும். விடிய விடிய ஆடும்போது அது பரவாயில்லை, மூச்சு வாங்க ஒரு சாக்கு. மூன்று மணி நேரத்தில் முக்கால் மணி மொய்யில் போனால்? போன்பே கோடு ஒட்டிய பலகையை வைத்து, பெயர் சொல்வதை நிறுத்தினோம். அந்த வருஷம் வசூல் பாதியாக விழுந்தது. பெயர் கேட்பதற்குத்தான் காசு, இது எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த தடவை களரியின் ஓரத்தில் ஒரு பெரிய கரும்பலகை வைத்து, பணம் வரவர ஒரு காலேஜ் பெண் தமிழிலும் தெலுங்கிலும் பெயரை எழுதினாள், நடுவில் ஒரே ஒரு தடவை கட்டியக்காரன் அதை ராகமாகப் பாடினார். வசூல் திரும்பி வந்தது. தங்கள் பெயருக்குப் பக்கத்தில் நின்று ஜனம் போட்டோ எடுத்துக்கொண்டது தனி.

மொழிக்கு வருகிறேன். பாட்டு தமிழ், வசனம் பெரும்பாலும் தமிழ், கட்டியக்காரன் நக்கல் மட்டும் பாதிக்கு மேல் தெலுங்கு, இது எங்கள் பக்கத்து ஜமாக்களுக்குப் பழக்கம்தான். ஆனால் புதிதாக வந்தவர்கள் கர்ணன் சாகும்போது எதற்கு எல்லோரும் அழுகிறார்கள் என்று புரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தமிழ் எழுத்து தெரியாது. யாரோ பெரிய திரையில் தெலுங்கில் எழுத்து ஓட்டலாம் என்றார்கள். ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்தோம், எல்லார் கண்ணும் எழுத்திலேயே இருந்தது, வேஷக்காரர் எகிறிக் குதித்துவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று என்னிடம் முறையிட்டார். அதை விட்டுவிட்டு, கூத்துக்கு முன்னால் கட்டியக்காரனே ஐந்து நிமிஷம் அன்றைய கதையைத் தெலுங்கில் சொல்லிவிட ஏற்பாடு செய்தோம். அது போதுமாக இருக்கிறது. ஆறரையிலிருந்து ஏழு வரை பேட்டைப் பெண்களின் கோலாட்டம், ஒரு நாள் கையில் மரக்கட்டை தட்டி ஆடுகிற செக்க பஜனை, ஒரு நாள் ஹாஸ்டல் பிள்ளைகளின் என்னமோ ஒரு டான்ஸ். அதில் கலை எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள், வந்தவர்கள் எழுந்து போவதற்குள் திரை பிடித்துக் கூத்தைத் தொடங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் தந்திரம்.

பெண்கள் விஷயம் இன்னும் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. அவர்கள் ஒன்பது மணிக்கு எழுந்து போவதற்குக் காரணம் சீரியல் என்று நாங்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். தோசை அக்காதான் ஒரு நாள் கரண்டியை நீட்டித் திட்டினார். "ஒண்ணுக்குப் போக எடம் கீதா இங்க? அந்தச் சந்துல லைட் எரிஞ்சி எத்தினி வருசமாவுது? பத்து மணிக்கு வைன் ஷாப்பு மூடினா அத்தினி பேரும் இந்த வழியாத்தான் வரான், உன் பொண்டாட்டிய உக்கார வெப்பியா?" நாங்கள் மேடைக்கு அலங்கார விளக்குச் சரம் வாங்கிய காசில் சந்துக்கு ஆறு பல்பு போட்டிருக்கலாம். போட்டோம். கார்ப்பரேஷனில் மனு கொடுத்தது தனி, அது எரிய ஒரு வருஷம் ஆனது, அதுவரை கூத்து நடக்கிற நாட்களுக்கு நம் பல்பு. கரண்ட் ஆபீஸில் பணம் கட்டித் தற்காலிக இணைப்பு வாங்கினோம், கம்பத்தில் கொக்கி போடுகிற பழைய பழக்கத்தை விட்டோம், மழை ராத்திரியில் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆடுகிறவன் இருக்கிறான். கோயிலை ஒட்டி மூன்று வீடுகளில் பேசி, வாசல் பக்கத்துக் கழிவறையைப் பெண்களுக்கு என்று விட்டோம், கழுவ ஆள் வைத்து அவருக்கும் கூலி. வைன் ஷாப் பக்கத்து முனையில் பேட்டைப் பையன்கள் நான்கு பேர், சண்டைக்கு இல்லை, வந்தவனை இன்னொரு சந்து வழியாக அன்போடு திருப்பிவிட. இதெல்லாம் ஆன வருஷம் பெண்கள் பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். சீரியல் எங்கே போனது?

தோசை அக்கா ஒரு வண்டி வைத்திருந்த இடத்தில் கூத்து நாட்களில் இப்போது ஏழு எட்டு வண்டி. வெளியிலிருந்து பெரிய சமையல்காரன் ஒருவன் எல்லாக் கடையையும் மொத்தக் குத்தகைக்குக் கேட்டான், நல்ல தொகை. கமிட்டியில் கை அரித்தது உண்மை. கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அக்கா வருஷம் முழுக்க ஊற்றிய தோசைக்கு என்ன அர்த்தம்? முதல் இடம் அவருக்கு, மற்றதைப் பேட்டைக்காரர்களுக்குச் சீட்டுப் போட்டோம், ஒரு வண்டிக்கு ஒரு குப்பைக்கூடை கட்டாயம். ஆனி பிறந்தால் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்டு ஓடும், தோத்தாபுரி லாரிகள் விடிய விடிய நிற்கும். ஷிப்டு போகிறவர்களும் டிரைவர்களும் அந்த வண்டிகளில் சாப்பிட வருகிறார்கள், கூத்து முடிந்த பிறகும் இரண்டு மூன்று வண்டி அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவு காபிக் கடைக்காரர்கூட பாரத நாட்களில் மட்டும் பத்து ரூபாய்க்குச் சின்ன டம்ளரில் காபி தருகிறார். மற்ற நாட்களில் அங்கே காபி நூற்றி இருபது, நான் குடித்ததில்லை.

இனி கடைசி ராத்திரி. எஸ்.ஐ. காட்டிய வரி நினைவிருக்கிறதா, மூடிய கட்டிடம். தியேட்டராக இருந்து கல்யாண மண்டபமான கட்டிடம் கோயிலிலிருந்து முந்நூறு மீட்டர். வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவே ஒரு ராத்திரி காலியாக இருக்கிற தேதியாகப் பார்த்து, துரியோதனன் விழுகிற படுகளத்தையே அதற்குத் தகுந்தபடி வைத்தோம். ஏழு மணிக்குக் களரியில் தொடக்கம், கர்ணன் விழுகிற வரைக்கும் திறந்த வெளி. ஒன்பதே முக்காலுக்கு மேளம் நிற்கும். வேஷக்காரர்கள் அத்தனை பேரும் கிரீடத்தோடும் கட்டையோடும் தெருவில் இறங்கி மண்டபத்துக்கு நடப்பார்கள், பின்னால் கூட்டம். இதை நாங்கள் ஒரு இடைஞ்சலாகத்தான் நினைத்தோம், இடம் மாற வேறு வழியில்லையே என்று. அந்தப் பத்து நிமிஷம் என்னவாக ஆனது என்று நீங்கள் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல் சலங்கை மட்டும் கேட்கிறது. பால்கனிகளில் எல்லாம் ஆள். துரியோதனன் தோசை அக்கா வண்டி முன்னால் நின்று டீ வாங்குகிறான், கிரீடம் இடிக்காமல் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றிக்கொள்கிறான், பீமன் காசு கொடுக்கிறான். ஹாஸ்டல் பிள்ளைகள் திரௌபதியோடு செல்பி எடுக்கிறார்கள், திரௌபதிக்கு மீசை இருந்த இடம் பவுடரில் வேர்த்திருக்கிறது.

மண்டபத்துக்குள் முதல் வருஷம் சொதப்பல். தியேட்டர் கட்டிடம் என்று நம்பினேன், ஆனால் கல்யாணத்துக்காகப் பக்கச் சுவரெல்லாம் இடித்து ஜன்னல் வைத்திருந்தார்கள், மேலே தகரம். மிருதங்கம் உள்ளே ஒன்றுக்கு மூன்றாக எதிரொலித்தது, வசனம் ஒரு வார்த்தை புரியவில்லை. இரண்டு மணிக்கு நானும் பையன்களும் பந்தல் துணி, ஜமக்காளம், என் வீட்டுப் பழைய மெத்தை எல்லாம் கொண்டுவந்து ஜன்னல்களில் தொங்கவிட்டோம். அடுத்த தடவைக்கு முன்கூட்டியே பகலில் ஒருவரை உள்ளே தட்டச் சொல்லி நான் வெளியே தெருவில் நின்று கேட்டேன். இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம் உள்ளே உட்கார்ந்திருப்பவர் எண்ணிக்கை: கதவு மூடிய கட்டிடத்தில் நானூறு பேர் என்றால் எத்தனை வழி திறந்திருக்கிறது, எந்தக் கதவுக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் நான்கு கதவிலும் ஆள் உட்கார வைத்தோம், பூட்டே கிடையாது.

மூன்று மணிக்கு உள்ளே எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்று எண்ணினேன், வாத்தியார் சொன்ன நாயும் மூன்று கிழவியும் ஞாபகம் இருந்ததால். இருநூறுக்கு மேல். மற்ற ராத்திரிகளில் பத்து மணிக்கு அனுப்பிவிட்டதால், விடியும் வரைக்கும் இருக்கிற இந்த ஒரு ராத்திரிக்கு ஜனம் தலையணையோடு வந்திருந்தது. 2020-லும் 21-லும் கொரோனாவில் எதுவும் இல்லை, 22-ல் திரும்பத் தொடங்கியபோது வாத்தியார் ஜமாவில் இரண்டு பேர் இல்லை, ஆனாலும் அந்த ராத்திரி இருநூறு பேர் இருந்தார்கள்.

ஆறு மணிக்குக் கதவைத் திறப்போம். துரியோதனன் வெளியே ஓடிவருவான், பீமன் கதையோடு துரத்துவான், தெரு வழியாகவே திரும்பக் கோயில் மைதானத்துக்கு, அங்கே களிமண்ணில் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான். மணி ஆறு ஆகிவிட்டதால் மேளத்துக்குத் தடையில்லை. அப்போது அடிக்கிற அடி ராத்திரி முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வருகிற அடி. தொடையில் அடி விழுந்து, ரத்தம் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடித்த பிறகுதான் பாட்டிகள் வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த வருஷம் மண்டபத்துக்காரர் ஏசி போட்டுவிட்டார். ஜன்னலெல்லாம் அடைத்தாயிற்று, சத்தத்துக்கு அதைவிட நல்லது இல்லை, ஆனால் வாடகையை இரண்டு மடங்காக்கிவிட்டார். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய ஹால் இருக்கிறது, லீவு நாள்தானே, கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். நாளைக்குக் காலையில் நானும் தோசை அக்காவும் போகிறோம். மிருதங்கக்காரரை வரச்சொல்லியிருக்கிறேன், உள்ளே தட்டிப் பார்க்க.